உராய்வு மண்டலமா, கவ்விடமா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

தமிழாசிரியை, சுங்கை சிப்புட், மலேசியா:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகும் ஒரு கையேட்டுக்காக உங்கள் உதவி தேவை.

போக்குவரத்துப் போலீசிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இங்கே தோட்டத்துப் பையன்களுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டச் சொல்லித் தருகிறார். தோட்டத் தொழிலாளர்கள் காலையில் பேர் கொடுக்கக் கூடிய பழைய பெரட்டுக் களத்தில் கூம்புகளை அடுக்கி, மெதுவாக ஓட்டும் பயிற்சி மட்டும். முறுக்கிக்கொண்டு பறக்க எவனுக்கும் தெரியும், நடக்கிற வேகத்தில் காலை ஊன்றாமல் வண்டியைத் திருப்புகிறவன்தான் ஓட்டத் தெரிந்தவன் என்பது அவர் கட்சி. அமெரிக்கப் போலீஸ் பயிற்சியிலும் இதற்குத்தான் முதல் இடம். 300 கிலோவைத் தாண்டும் ஹார்லி டேவிட்சனை நெருக்கி வைத்த கூம்புகளுக்கு நடுவே, ஒன்றையும் தட்டாமல் வளைத்துக் கொண்டுவர வேண்டும்.

தலையைத் திருப்பிப் போகப்போகும் இடத்தைப் பார்; பின்பிரேக்கை லேசாக அழுத்தியபடி இரு; ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன்பிரேக்கைத் தொடாதே. இவையெல்லாம் தமிழில் சுலபமாக வந்துவிட்டன. ஒன்று மட்டும் வரவில்லை. கிளட்ச் லீவரை மெல்ல விடும்போது, எஞ்சின் விசை சக்கரத்துக்குப் போகத் தொடங்கும் இடத்திலிருந்து முழுதாகச் சேரும் இடம் வரை ஒரு சிறு தூரம் இருக்கிறது. அதற்குள் தட்டுகள் சேர்ந்தும் சேராமலும் நழுவிச் சுற்றுகின்றன. மெதுவாக ஓட்டும் வித்தை அத்தனையும் அந்தத் தூரத்துக்குள்தான். 'உராய்வு மண்டலம்' என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. பையன்களில் பாதிப் பேர் ஹோண்டா இஎக்ஸ்5 ஓட்டுகிறவர்கள். கப்சாய் என்று நாம் சொல்லும் அந்த மாதிரிச் சிறு வண்டியில் கிளட்ச் லீவரே கிடையாது. கை இதுவரை அறியாத ஒன்றைச் சொல்தான் அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர், கிள்ளான்:

உராய்வு மண்டலத்தில் என்ன குறை? உராய்வு என்ற சொல் நம் தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்திலேயே வருகிறது. பையன்களுக்குத் தெரிந்த சொல். கிளட்சை மட்டும் அப்படியே விடாமல் 'உரசிணைப்பி' என்று எழுதுங்கள்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தைப்பிங்:

உராய்வைப் பற்றி எனக்குத் தடை இல்லை. மண்டலம் வேண்டாம். கும்பாபிஷேகம் முடிந்து 48 நாள் மண்டலாபிஷேகம் பார்க்கிற ஊர்கள் நம்முடையவை. இங்கே மண்டலம் என்றால் நாள்கணக்கு, இல்லாவிட்டால் ஒரு பெரிய நிலப்பரப்பு. விரல் அகலத் தூரத்தை மண்டலம் என்று சொன்னால் ஏற்குமா?

வேர்ச்சொல்லுக்குப் போவோம். தமிழில் ஞ் என்ற எழுத்தில் முடியும் சொல் ஒன்றே ஒன்றுதான். தொல்காப்பியர் மொழிமரபு என்ற இயலில் எண்ணிக்கையைச் சொல்கிறார், உரையாசிரியர்கள் சொல்லைக் காட்டுகிறார்கள்: உரிஞ். உராய்தல் என்று பொருள். ந் என்று முடிபவை இரண்டு: பொருந், வெரிந். வெரிந் முதுகு. பொருந் என்பதற்குப் பொருந்துதலோடு உறவு உண்டு என்பது என் துணிபு. பாருங்கள், உராய்வதும் பொருந்துவதும் அருகருகே நிற்கின்றன! கிளட்சின் வேலையும் இந்த இரண்டுதானே? 'உரிஞ்சிடம்' என்று வைத்தால் இரண்டாயிரம் ஆண்டுச் சொல் ஒன்று பிழைத்துக்கொள்ளும்.

மோட்டார் பட்டறை நடத்துபவர், சுங்கை சிப்புட்:

சார், மன்னிக்கணும். உரிஞ்சிடம் என்று எழுதினால் பையன்கள் 'உறிஞ்சும் இடம்' என்றுதான் படிப்பார்கள். பெட்ரோல் உறிஞ்சுகிற இடம் என்று நினைத்து கார்புரேட்டரைத் தேடுவார்கள். ரகர றகரம் பார்த்துப் படிக்கிற ஆள் என் பட்டறைக்கு வருவதில்லை.

டீச்சர், யமஹா ஒய்15 வைத்திருக்கிற பையன்களுக்குக் கிளட்ச் தெரியும். அவர்கள் சொல்வது ஹாஃப் கிளட்ச். ஆனால் அதை அப்படியே கையேட்டில் போடாதீர்கள். பாதி என்று படித்தவன் லீவரைப் பாதித் தூரத்தில் வைப்பான். கேபிளை எப்படி முடுக்கியிருக்கிறார்களோ அதைப் பொறுத்து இடம் மாறும். ஒரு வண்டியில் லீவரை விட்டவுடனே வரும், இன்னொன்றில் கடைசியில்தான் வரும். பட்டறையில் நாங்கள் 'கிளட்ச் பிடிக்கிற இடம்' என்போம், மலாய்க்காரப் பையன்கள் மாக்கான் என்பார்கள், கிளட்ச் தின்னுதாம்.

கையேட்டில் இன்னொன்றும் சேருங்கள். கிளட்சைப் பாதியில் வைத்தால் கருகிவிடும் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். அது காருக்கான பாடம், காரில் அது காய்ந்த தட்டு. நம் மோட்டார்களில் பெரும்பாலும் தட்டுகள் எண்ணெயில் ஊறிக்கிடக்கின்றன. மெதுவான பயிற்சியில் நழுவவிட்டால் கெட்டுப்போகாது. சூடேறினால் கொஞ்ச நேரம் நிறுத்தி ஆறவிட்டால் போதும்.

தலைமையாசிரியர், தைப்பிங்:

சரி, உரிஞ்சிடத்தை விட்டுவிடுகிறேன், மனமில்லாமல். பட்டறை நண்பர் சொன்னதிலேயே சொல் இருக்கிறது: பிடியிடம். பிடித்த, பிடிக்கின்ற, பிடிக்கும் இடம் என்று முக்காலமும் காட்டும் நல்ல வினைத்தொகை. ஊறுகாய், சுடுகாடு போல. வண்டிச் சொற்களுக்கு நம்மிடம் பஞ்சம் வந்ததே இல்லை. புறநானூற்று 102ஆம் பாட்டில் ஔவை, உப்பு வணிகர் வண்டியின் கீழ்மரத்தில் கட்டிய சேம அச்சைச் சொல்கிறார். உதிரி பாகம் கையோடு கொண்டுபோகும் வழக்கம் அன்றே இருந்திருக்கிறது. இன்று ஸ்பேர் டயர் என்கிறோம். சேமச் சக்கரம் என்றால் யாருக்குப் புரியாமல் போகும்?

தமிழாசிரியை:

ஐயா, பிடியிடத்தைப் பயிற்சியாளரிடம் காட்டினேன். உடனே வேண்டாம் என்றார். காரணத்தைக் கேட்டதும் எனக்கும் சரியென்று பட்டது. இந்தச் சொல் தாளில் மட்டும் இருக்கப்போவதில்லை. வண்டி வளைவின் நடுவில் சாயும்போது, களத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அவர் கத்திச் சொல்ல வேண்டிய சொல். அந்த நேரத்தில் "பிடி!" என்று காதில் விழுந்தால் பையன் லீவரைத்தான் இறுக்கிப் பிடிப்பான். பிடித்ததும் சக்கரத்துக்குப் போகும் விசை அறுந்துவிடும். சாய்ந்த வண்டியை நிமிர்த்தி வைத்திருப்பதே அந்த விசை. அப்படியே உள்பக்கம் விழுவான். சொல் சரியாக இருந்தும் கை தப்பாகக் கேட்கும்.

அதனால் இரண்டு மூன்று எழுத்தில், கத்தக்கூடியதாக, கையை இறுக்கச் சொல்லாததாக வேண்டும். 'கவ்வு' எப்படி? கையால் யாரும் கவ்வுவதில்லை. தட்டுதான் தட்டைக் கவ்வுகிறது. கவ்வு, இடம் இரண்டும் சேர்ந்தால் கவ்விடம்.

பட்டறை நடத்துபவர்:

கவ்விடம் நல்லா இருக்கு டீச்சர். மாக்கானுக்கும் பக்கத்தில் வருகிறது.

மொழிபெயர்ப்பாளர், கிள்ளான்:

நான் உடன்படவில்லை. இரண்டு காரணம். இடம் என்றால் ஒரு புள்ளி என்று தோன்றும். டீச்சர் சொன்னது ஒரு தூரம். அந்தத் தூரத்துக்குள் கையை முன்னும் பின்னும் அசைப்பதுதான் பயிற்சியே. அடுத்தது, கவ்வுதல் என்றால் விடாமல் பற்றுதல். இங்கே நடப்பது பாதி நழுவல். நழுவலைச் சொல்லாத சொல் பாதி உண்மைதான் சொல்கிறது. 'நழுவெல்லை' என்பது என் பரிந்துரை. தூரமும் வருகிறது, நழுவலும் வருகிறது.

தலைமையாசிரியர்:

எல்லை என்றால் முடியும் இடம், தூரத்தைக் குறிக்காது. ஆனால் நழுவல் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்க முடியவில்லை. 'நழுவுபிடி'?

பட்டறை நடத்துபவர்:

சார், மறுபடியும் பிடி வந்துவிட்டது.

மொழிபெயர்ப்பாளர், கிள்ளான்:

சொல்லின் மேல் இவ்வளவு சுமையை ஏற்றுகிறோம், கிளட்சை மட்டும் கிளட்ச் என்றே விட்டுவிட்டோம். உரசிணைப்பியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே?

பட்டறை நடத்துபவர்:

பெரேடு தோட்டத்துக்கு வந்து பெரட்டு ஆனது. மூன்று தலைமுறை அந்தக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு ரப்பர் வெட்டுக்குப் போனது. அது தமிழ் இல்லை என்று யாரும் சொன்னதில்லை. கிளட்சும் அப்படியே இருக்கட்டும்.

தமிழாசிரியை:

நாளை காலை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். கிளட்ச் கிளட்சாகவே இருக்கிறது. 'கவ்விடம்' என்று போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில், "லீவரை விடும்போது தட்டுகள் நழுவியபடி கவ்வத் தொடங்கி முழுதாகச் சேரும் வரை உள்ள தூரம்" என்று விளக்கம் வரும். கிள்ளான் ஐயாவின் இரண்டு குறையும் அந்த வரியில் கொஞ்சம் அடங்கும் என்று நம்புகிறேன். உங்கள் வண்டியின் கவ்விடம் எங்கே இருக்கிறது என்று எஞ்சினை ஓடவிட்டு, முதல் கியரில், கால் இரண்டும் தரையில் இருக்கும்போதே தேடிப்பாருங்கள் என்பதை முதல் பயிற்சியாகச் சேர்த்துவிட்டேன். களத்தில் கத்துவதற்குப் பயிற்சியாளர் "கவ்வவிடு!" என்கிறார். விடு என்ற சொல் இருப்பதால் கை தானாகத் தளரும் என்கிறார். அனைவருக்கும் நன்றி.

மொழிபெயர்ப்பாளர், கிள்ளான்:

அச்சில் போடுங்கள், தடுக்கவில்லை. என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். இரண்டாம் பதிப்பு வந்தால் நழுவெல்லையை மீண்டும் கேட்பேன்.

தலைமையாசிரியர், தைப்பிங்:

'கவ்வவிடு' எனக்குப் பிடித்திருக்கிறது. கவ்விடத்தை ஏற்கிறேன். பின்பிரேக்கை லேசாக அழுத்தியபடி ஓட்டுவதற்கு ஒரு வரியே எழுதியிருக்கிறீர்கள் அம்மா, அதற்கும் தனிச்சொல் வேண்டாமா? 'தளைநடை' என்று தோன்றுகிறது. யாப்பில் தளை கட்டுவது, இங்கே சக்கரத்தைக் கட்டுவது. வெள்ளிக்குப் பிறகு பேசலாம்.