கிளினிக் மருந்த யார் வாங்கணும், கொழும்பா ஆஸ்பத்திரியா?

பொகவந்தலாவ பொண்ணு:
அம்மாவுக்கு பிரஷரும் சீனியும். மாசாமாசம் கவர்மென்ட் கிளினிக்குக்கு கூட்டிட்டு போறோம், அன்னைக்கு கொழுந்துக்கு போக ஏலாது, பேர் போயிரும், அன்னைக்கு சம்பளம் இல்ல, பஸ் காசு வேற, கடைசில சீனிக்கு குடுக்குற மெட்ஃபோமின மட்டும் தந்துட்டு மத்தத துண்டுல எழுதி வெளிய எடுத்துக்கங்கன்றாங்க. இந்த மருந்த எல்லாம் யாருதான் வாங்குறாங்க? காச அந்தந்த ஆஸ்பத்திரி கையிலயே குடுத்துட்டா என்ன?

ஸ்டோர்ஸ்காரன்:
தங்கச்சி, நான் மருந்து ஸ்டோர்ஸ்ல தான் வேல. அடுத்த வருஷத்துக்கு இவ்ளோ வேணும்னு நாங்க எழுதுறது கொழும்பு மருத்துவ வழங்கல் பிரிவுக்கு போகும், அவங்க ஆர்டர் போட்டா எஸ்பிசி, அதான் ஒசுசல மருந்துக்கட நடத்துற அரசாங்க மருந்து கூட்டுத்தாபனம், டெண்டர் கூப்பிடுவாங்க, மருந்துகள கட்டுப்படுத்துற என்எம்ஆர்ஏல பதிவும் இருக்கணும். எங்கயாச்சும் பைல் படுத்தா அவ்ளோதான். ஸ்டொக் இல்லனா ஆஸ்பத்திரியே லோக்கல் பர்ச்சேஸ் பண்ணலாம், ஆனா அதுக்கு காசு வரணுமே. இதவிட பெரிய கூத்து எஸ்டிமேட். போன வருஷம் குடுத்த கணக்க வச்சி போட்டா, இல்லனு திருப்பி அனுப்புனது எல்லாம் தேவையே இல்லாத மாதிரி ஆயிரும். அம்மா கடையில வாங்குன குளுச, அதான் மாத்திர, எந்த கணக்குலயும் இல்ல.

பதுள மச்சான்:
கணக்கு சரி, ஆனா வாங்குறத ஆஸ்பத்திரிக்கு விட்டுராதீங்க. மொத்தமா எடுத்தாதான் வெல எறங்கும், 1971ல மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே எஸ்பிசிய கொண்டாந்ததே அதுக்குத்தான். அவசரம்னு வாங்கப்போய் 2023ல தரமில்லாத இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்து வந்த கத என்னாச்சு? சுகாதார அமைச்சரா இருந்தவரே அந்த கேஸ்ல 2024 பெப்ரவரில கைதாகி உள்ள போனாரு. இங்கிலாந்துலயும் 2012 சட்டத்தோட சுகாதார சேவைய டெண்டர்ல விட்டு பாத்தாங்க, 2022ல சட்டத்த மாத்தி அந்த விதிய தூக்கிட்டாங்க.

லயத்து பேரன்:
இங்கிலாந்து இருக்கட்டும் அண்ணே. 1992ல தோட்டத்த கம்பெனிக்கு குடுத்தாங்க, பொறகு சில தோட்டத்து ஆஸ்பத்திரிய அரசாங்கம் எடுத்துச்சு, எங்க டிஸ்பென்சரி இன்னும் கம்பெனி கையில. மலைக்கு கீழயே இருக்கு, ஆனா மாசக் குளுசைக்கு டவுனுக்குத்தான் போகணும். அரசாங்கம் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு, கிளினிக் குளுசய அங்க குடுக்குற வேலைய மட்டும் காசுக்கு வாங்கலாம்தானே? மருந்து அரசாங்க ஸ்டோர்ஸ்ல இருந்தே வரட்டும்.

பதுள மச்சான்:
அதுன்னா ஓகே. ஆனா டிஸ்பென்சரி பூட்டிக் கெடந்தா யார கேக்குறதுனு ஒப்பந்தத்துலயே எழுதணும், இல்லாட்டி தோட்டத்து தொர மாகாண சுகாதார ஆளுங்கள காட்டுவாரு, அவங்க தொரய காட்டுவாங்க.

ஸ்டோர்ஸ்காரன்:
பேரன் சொல்றது நடக்கக்கூடியது. தங்கச்சி, அதுவரைக்கும் குடுக்காத மருந்த "இல்ல"னு கிளினிக் கொப்பில எழுதி வாங்குங்க, எஸ்டிமேட் நேரம் அத காட்டித்தான் நாங்களும் கூட கேக்கலாம்.