ஐ-செல் நோயில் லைசோசோம் என்சைம் ரத்தத்தில் ஏன் கூடுகிறது?

வெண்பா_பயோகெம்:
எம்.எஸ்சி. முதல் வருஷம் படிக்கிறேன். ஐ-செல் என்ற பரம்பரை நோயில், செல்லின் குப்பையைச் செரிக்கும் பையான லைசோசோமுக்குள் என்சைம்கள் இல்லை என்கிறது பாடப்புத்தகம். சரி. அடுத்த வரியிலேயே, அதே குழந்தையின் ரத்தத்தில் அதே என்சைம்கள் பல மடங்கு அதிகம் என்றும் இருக்கிறது. ஜீன் கெட்டுப்போனால் இரண்டு இடத்திலும் குறையத்தானே வேண்டும்?

செல்கல்ச்சர்_அண்ணன்:
கெட்டது ஜீன்தான்மா. ஆனால் அந்த என்சைம்களின் ஜீன் இல்லை.

என்சைம்கள் ஒழுங்காகவே தயாராகின்றன. புரதம் தயாராகும் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்திலேயே அவற்றின் மேல் மேனோஸ் நிறைந்த சர்க்கரைக் கிளை ஏறிவிடும். புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கிக்கு வந்ததும் பாஸ்போடிரான்ஸ்ஃபரேஸ் என்ற இன்னொரு என்சைம், ஒரு மேனோஸின் 6-ஆம் கார்பனில் பாஸ்பேட்டைச் சேர்க்கும். அதையும் நேராகச் சேர்க்காது, என்-அசிட்டைல் குளுக்கோசமைன் என்ற சர்க்கரையை மூடி மாதிரி மேலே வைத்துச் சேர்க்கும். அந்த மூடியைக் கழற்ற தனியாக ஒரு என்சைம் உண்டு. கழற்றினால் மிச்சம் மேனோஸ்-6-பாஸ்பேட். கோல்கியின் கடைசி அடுக்கில் இருக்கும் ரிசெப்டர் அதைப் பிடித்து, லைசோசோமுக்குப் போகும் வழியிலுள்ள எண்டோசோம் என்ற பைக்குக் கொண்டுபோகும். அங்கே அமிலம் கூடுதல் என்பதால் பிடி விடும், என்சைம் லைசோசோமுக்குப் போகும், ரிசெப்டர் மட்டும் திரும்பிவிடும்.

ஐ-செல் நோயில் அந்த பாஸ்போடிரான்ஸ்ஃபரேஸ்தான் வேலை செய்வதில்லை. பாஸ்பேட் இல்லை என்றால் ரிசெப்டர் தொடாது. தனி வழி கிடைக்காத புரதம், சுரக்கும் சரக்கோடு சேர்ந்து செல்லுக்கு வெளியே போய்விடும். நீங்கள் ரத்தத்தில் பார்ப்பது அதைத்தான்.

நோயாளியின் தோலிலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் உட்கருவைச் சுற்றிக் கருங்குருணையாக அடைந்து கிடக்கும். எல்லாம் செரிக்காத குப்பை. செல்லுக்குள் அடையும் இந்தக் குப்பைக்கு இன்க்ளூஷன் என்று பெயர், ஐ-செல் என்பதில் உள்ள ‘ஐ’ அதுதான்.

1972-இல் ஹிக்மன், நியூஃபெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த சோதனைக்கு ஈடாக நான் எதையும் சொல்லமாட்டேன். இயல்பான செல் வெளியே விட்ட என்சைமை ஐ-செல் உள்ளே வாங்கிக்கொண்டது. ஐ-செல் வெளியே விட்டதை மற்ற செல்கள் சரியாக வாங்கவே இல்லை. ஆக, வாங்கும் பக்கம் பழுதில்லை, சரக்கில்தான் ஏதோ குறைகிறது என்று பிடித்துவிட்டார்கள். அந்தக் குறை மேனோஸ்-6-பாஸ்பேட் என்பது 1977-இல்தான் தெளிவானது.

டியூட்டி_டாக்டர்:
ஒரு லைசோசோம் என்சைம் குறைவதால் வரும் பாம்ப்பே (Pompe) நோய்க்கு ஏற்றும் என்சைமும் இந்த மேனோஸ்-6-பாஸ்பேட்டை நம்பித்தான். செல்லின் மேல்பரப்பிலும் அந்த ரிசெப்டர் இருப்பதால் டிரிப்பில் போவது உள்ளே போகிறது. 2021-இல் அமெரிக்காவில் அந்த நோய்க்கு அனுமதி பெற்ற அவால்குளுக்கோசிடேஸ் என்ற மருந்தில் மேனோஸ்-6-பாஸ்பேட்டைக் கூடுதலாகவே ஒட்டியிருக்கிறார்கள்.

வெண்பா_பயோகெம்:
அப்படியென்றால் ஐ-செல் குழந்தைக்கும் என்சைம் ஏற்றலாமே அண்ணா?

செல்கல்ச்சர்_அண்ணன்:
எதை ஏற்றுவது? பாம்ப்பேயில் குறைவது ஒன்று. இங்கே வழி தவறுவது டஜன் கணக்கில்.

இன்னொன்று, பாஸ்பேட் மட்டுமே எல்லாம் என்று பரீட்சையில் எழுதிவிடாதீர்கள். குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்ற லைசோசோம் என்சைம் லிம்ப்-2 என்ற புரதத்தோடு லைசோசோமுக்குப் போகிறது, அதனால் ஐ-செல் நோயிலும் அது பெரிதாகக் குறைவதில்லை. வெள்ளை அணுக்களிலும் பல என்சைம்கள் ஏறக்குறைய சரியாகவே இருக்கும். சந்தேகப்பட்டு வெள்ளை அணுவை மட்டும் டெஸ்டுக்கு அனுப்பினால் நார்மல் என்றே ரிப்போர்ட் வரலாம். பிளாஸ்மாவையும் சேர்த்துக் கேளுங்கள் டாக்டர்.