அரக்குப் புடவை பழுப்பாகத் தெரிந்த கடை

மும்பை மாட்டுங்காவில் ஒரு பட்டுப்புடவைக் கடை. தொங்கு விளக்குகளை வேறொருவர் செய்து கொடுத்திருந்தார். பித்தளை வேலைப்பாடு கண்ணைப் பறிக்கும். ஆனால் கடைக்கார அக்காவுக்கு ஒரே தலைவலி. "தம்பி, வாசல்ல அரக்கு, உள்ள வந்தா பழுப்பு. வாங்க வர்றவங்க ஒவ்வொரு புடவையையும் தெருவுக்குத் தூக்கிட்டுப் போறாங்க."

கழற்றிப் பார்த்தேன். உள்ளே சிஆர்ஐ 80 எல்இடி. சிஆர்ஐ என்பது ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண், நூறுக்கு. மோசமில்லைதான், ஆனால் அந்த எண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு அதில் சேராது. அடர் சிவப்புக்கான மதிப்பெண்ணை ஆர்9 என்று தனியாகப் பார்க்க வேண்டும். நீல எல்இடிமேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூச்சைப் பூசித்தான் வெள்ளை வெளிச்சம் எடுக்கிறார்கள், அதனால் சிவப்புப் பக்கம் வறட்சி. விளக்கு தராத நிறத்தைப் புடவை எங்கிருந்து காட்டும்? குண்டு பல்பில் இந்தத் தொல்லையே கிடையாது.

மின்சாமான் சந்தையான லோஹார் சாலில் போய்க் கேட்டால் "வார்ம் யா வொயிட்?" என்பார்கள். வார்ம், 3000 கெல்வின் என்பதெல்லாம் வெளிச்சத்தின் சாயல் மட்டுமே. நிறங்கள் எப்படித் தெரியும் என்பதை அவை சொல்லாது. எல்இடியின் விவரத்தாளை (டேட்டாஷீட்) கேட்டு வாங்கி, சிஆர்ஐ 90க்கு மேல், ஆர்9 50க்கு மேல் உள்ளதாக எடுத்தேன். மேஜையில் பழையது, புதியது இரண்டையும் எரியவிட்டு நடுவில் முந்தானையை விரித்தால் ஒரு பக்கம் அரக்கு, ஒரு பக்கம் காப்பிக்கொட்டை!

சிக்கல் அதோடு முடியவில்லை. சிஆர்ஐ கூடினால் அதே வாட்டுக்கு வெளிச்சம் கொஞ்சம் குறையும். வாட்டைக் கூட்டலாம் என்றால் அந்தக் குறுகிய பித்தளைக் குவளைக்குள் சூட்டை வெளியேற்றும் பெரிய ஹீட்சிங்குக்கு இடமில்லை. எல்இடியை முடிவு செய்துவிட்டுக் குவளையை வார்த்திருக்க வேண்டும், இங்கே தலைகீழாக நடந்திருக்கிறது. சரி, என்ன செய்வது? இன்னும் இரண்டு விளக்கு சேர்த்துத் தொங்கவிட்டோம்.

மறுமொழி:

சூடு பற்றி நானும் சொல்கிறேன். தாராவியில் குயவர்கள் இருக்கும் கும்பர்வாடாவில் மண் கூடு செய்யச் சொல்லி மேஜை விளக்கு பண்ணுகிறேன். எல்இடி பல்பின் சூடு அடியில், மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் பக்கம் தேங்கும். மூடிய கூட்டுக்குள் போட்டால் பெரும்பாலும் முதலில் போவது அங்கிருக்கும் கெப்பாசிட்டர்தான். அதனால் மண் ஈரமாக இருக்கும்போதே மேலும் கீழும் துளை போடச் சொல்லிவிடுவேன்.

அப்புறம், வாங்கும் முன் பல்பைப் போன் கேமராவில் பாருங்கள். பட்டை பட்டையாகக் கோடு ஓடினால் டிரைவர் மட்டமானது என்று அர்த்தம். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த பல்பு நொடிக்கு 100 முறை மினுக்கும். மாடிப்படிக்குப் போடலாம், பிள்ளைகள் படிக்கிற மேஜைக்கு வேண்டாம்.