காந்தளூர், மறையூர் பக்கம் ஓடையில் ஒரு நாள் ஃப்ளை ஃபிஷிங்: எங்கே, எப்படி?

உடுமலை தூண்டில்:
வணக்கம். அமராவதி அணையில் மண்புழு போட்டு ஜிலேபி பிடிப்பதோடு என் அனுபவம் சரி. காந்தளூரில் பூண்டுத் தோட்டம் வைத்திருக்கும் நண்பன் ஒருவன் எங்கிருந்தோ ஒரு ஃப்ளை ராட் (இரைக்குப் பதில் பூச்சி மாதிரி கட்டிய ஊசியை, அதாவது ஃப்ளையை, வீசிப் பிடிக்கிற தூண்டில் கழி) வாங்கிவிட்டு, வாடா ஒரு நாள் ஓடையில் போய்ப் பார்ப்போம் என்று நச்சரிக்கிறான். காலையில் உடுமலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். சின்னாறு வழியாகத்தானே போகிறோம், அப்படியே பாம்பாறில் இறங்கிவிடலாமா, இல்லை மூணாறு வரை ஏறி ட்ரௌட் (குளிர்ந்த தண்ணீர் மீன்) தேடலாமா? அவன் தோட்டத்து ஓரமாகவும் ஒரு ஓடை ஓடுகிறது, ஆனால் முழங்கால் தண்ணீர்தான். எது சரிவரும்?

மறையூர்வாசி:
தம்பி, பாம்பாறு ஆசையை முதலில் விடு. ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டினால் ஆனைமலை புலிகள் காப்பகம், அது முடிந்ததும் நம் பக்கம் சின்னாறு சரணாலயம். அங்கே ராட் பையோடு ரோட்டை விட்டு இறங்கினாலே ஆள் வந்து நிற்பான், 1972 வனவிலங்குச் சட்டத்தில் கேஸ் ஆகும். சட்டத்தை விடு, அந்த ஆற்றில் என்ன மீன் இருக்கிறது தெரியுமா? காவிரியின் திமில் மாசீர், கெண்டை வகையில் பெரிய மீன். பாம்பாறும் அமராவதி வழியாகக் காவிரிக்குத்தான் போகிறது. உலகத்தில் வேறெங்கும் இல்லை, காவிரித் தண்ணீரில் மட்டும்தான். அதற்கு டோர் ரெமாதேவி என்ற அறிவியல் பெயர் வந்ததே இந்தப் பாம்பாறில் பிடித்த மீனை வைத்துத்தான். அந்தப் பாம்பாறு மீனும் திமில் மாசீரும் ஒரே மீன் என்று 2018இல் உறுதி செய்தார்கள், அதே வருஷம் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்றும் பட்டியலில் சேர்த்தார்கள். அதன் வாயில் விளையாட்டுக்கு ஊசி குத்துவதா?

அப்புறம் முதலை. அமராவதி அணையில் மட்டும்தான் என்று உடுமலைக்காரர்கள் நினைக்கிறீர்கள், பாம்பாறு, தேனாறு, சின்னாறு மூன்றிலும் இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ராட் வீசுகிற படத்தையெல்லாம் வெளிநாட்டுக்காரன் போடுவான், இங்கே ஒத்துவராது.

உன் நண்பன் தோட்டத்து ஓடைக்கே போ. ஆனால் பட்டா நிலம் எதுவரை, காடு எங்கே ஆரம்பிக்கிறது என்று அவனிடம் தெளிவாகக் கேட்டுக்கொள். காந்தளூரில் பல தோட்டத்துக்கு மேல்வரப்பே காட்டு எல்லைதான்.

அவலாஞ்சி ஆள்:
மறையூர் அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ட்ரௌட் பற்றி மட்டும் கொஞ்சம். அது இந்த மண்ணின் மீன் இல்லை. எங்கள் நீலகிரி அவலாஞ்சியில் 1907இல் வெள்ளைக்காரர்கள் பொரிப்பகம் வைத்து வளர்த்தார்கள், மூணாறு மலைக்கும் தேயிலைத் துரைமார் காலத்தில் வந்த மீன்தான். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் அதற்கு மூச்சு முட்டும். அதனால் மறையூர் உயரத்தில் தேடுவது வீண். மேலே நல்ல ஓடைகள் நிறைய இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள், அங்கே நினைக்கவே வேண்டாம். எஸ்டேட் நிலத்தில் இருக்கும் தண்ணீர் என்றால் கம்பெனி அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள், வாட்ச்மேன் தலையாட்டியதெல்லாம் அனுமதி ஆகாது.

முழங்கால் தண்ணீரைக் கேவலமாக நினைக்காதீர்கள். சாதாரண தூண்டிலில் ஈயக்கட்டியின் எடை நைலானை இழுத்துப் போகும். ஃப்ளையில் ஊசிக்கு எடையே இல்லை, தடிமனான லைன்தான் எடை, அதைப் பின்னால் விரித்து நிறுத்தி முன்னால் தள்ள வேண்டும். பின்னால் மரம் இருந்தால் கதை முடிந்தது, எல்லா ஃப்ளையும் கிளையில் தொங்கும். அதற்குத்தான் ரோல் காஸ்ட், லைனைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு சுருட்டித் தள்ளுவது. போகிறதுக்கு முன்னால் ஏதாவது மைதானத்தில், ஊசிக்குப் பதில் ஒரு துண்டு கம்பளி நூல் கட்டி, கை வலிக்கும்வரை வீசிப் பாருங்கள். ரோல் காஸ்ட்டுக்கு மட்டும் தண்ணீர் வேண்டும், குளம் குட்டை போதும், புல்லில் லைன் பிடிமானம் இல்லாமல் வழுக்கும்.

ஓடைக்கு ஏழரை அடி ராட், 3 அல்லது 4 வெயிட் (லைனின் எடைக்கான எண்) மிதக்கும் லைன். மீன் நீரோட்டத்துக்கு எதிராக முகம் வைத்து நிற்கும், ஆகவே கீழிருந்து மேலாக நடந்து, பின்பக்கமாக அணுகுங்கள். நிழல் தண்ணீரில் விழுந்தால் அந்த மடு அரை மணி நேரம் செத்தது. ஃப்ளை நீரோட்டத்தோடு தானாக மிதந்து வரவேண்டும், லைன் இழுத்துக் குறுக்கே கோடு கிழித்தால் சின்னக் கெண்டைகூடத் திரும்பிப் பார்க்காது. விலை உயர்ந்த ஃப்ளை ஒன்றும் வேண்டாம், கறுப்பு எறும்பு மாதிரி கட்டியது, வெட்டுக்கிளி மாதிரி ஒன்று. மழை விட்ட சாயங்காலம் ஈசல் கிளம்பினால் ஈசல் மாதிரி எது இருந்தாலும் அடிக்கும்.

பொள்ளாச்சி பையன்:
இவ்வளவு செலவு செய்து, இவ்வளவு பாடம் படித்து, விரல் நீளக் கெண்டை பிடித்துத் திரும்ப விடுவதற்கா?? எங்கள் தாத்தா மூங்கில் கழியில் பத்து ரூபாய் நரம்பு கட்டிக் குழம்புக்கு மீன் கொண்டுவந்தார்.

அவலாஞ்சி ஆள்:
குழம்புக்கு மீன் வேண்டுமென்றால் அமராவதி அணைக்கடையில் ஜிலேபி வாங்கிக்கொள்ளலாம் ப்ரோ, அது இங்கே பேச்சே இல்லை. அந்த விரல் நீள மீன் உங்களைப் பார்ப்பதற்கு முன் நீங்கள் அதைப் பார்த்துவிட்டால் அன்றைக்குப் பாதி வேலை முடிந்தது, ஆட்டமே அதுதான். மூங்கில் கழியிலும் ஃப்ளை கட்டி வீசலாம், ஜப்பான்காரர்கள் ரீலே இல்லாமல் மலை ஓடையில் அப்படித்தான் பிடிக்கிறார்கள், டென்காரா என்று பெயர். உங்கள் தாத்தா கழியைத் தூசி தட்டி எடுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உடுமலை தூண்டில்:
நன்றி அண்ணா. தோட்டத்து ஓடைதான், முடிவாகிவிட்டது. ஜூனில் லீவு கிடைக்கும் போலிருக்கிறது, அப்போது போகலாமா? ஊசி நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கம் பார்த்த முள் இருக்கிறதே, அதை என்ன செய்வது?

மறையூர்வாசி:
ஜூன் வேண்டாம். முதல் மழைக்குச் சினை மீன் மேலே ஏறும், அதை மலையாளத்தில் ஊத்த என்பார்கள், ஊத்தப் பிடிக்கிறது என்று வலையும் கூடையுமாக இறங்குவார்கள், கேரளத்தில் 2010 சட்டப்படி அது குற்றம். நீ ராட் வைத்திருந்தாலும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகத்தான் பார்ப்பார்கள். ஜனவரியில் வா, தண்ணீர் தெளிந்திருக்கும், அட்டையும் இருக்காது. முள்ளை மூக்குக் குறட்டால் அழுத்தி மடக்கிவிடு, மீனை விடுவதும் சுலபம், உன் காதில் குத்தினால் எடுப்பதும் சுலபம். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள். யானை இறங்கியிருக்கிறதா என்று காலையில் தோட்டத்து ஆட்களிடம் கேட்காமல் ஓடைப் பக்கம் போகாதே.