கூலண்ட் குறைகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை: பழைய பெட்ரோல் கார், உதவி தேவை

மேட்டுப்பாளையத்துக்காரன்:

வணக்கம் நண்பர்களே. வண்டி 2009 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், நாலு சிலிண்டர். 1,20,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. அப்பா வாங்கியது, இப்போது நான் ஓட்டுகிறேன்.

ரிசர்வ் டப்பாவில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) இறங்கிக்கொண்டே இருக்கிறது. மேல்கோடு வரை ஊற்றினால் ஒரு வாரம், பத்து நாளில் கீழ்க்கோட்டுக்கு வந்துவிடும். ஆனால் வண்டி நிற்கும் இடத்தில் ஈரமே கிடையாது. போர்டிகோவில் வெள்ளை டைல்ஸ், கூலண்ட் பச்சை நிறம், சொட்டினால் தெரியாமல் போக வழியில்லை. ஊருக்குள் ஓட்டினால் டெம்பரேச்சர் முள் பாதிக்குக் கீழேயே நிற்கிறது. கோத்தகிரி ஏறும்போது மட்டும் பாதியைத் தாண்டுகிறது. ஏசியை நிறுத்தினால் கொஞ்சம் இறங்கும்.

ஒரு மெக்கானிக் ‘ஹெட் கேஸ்கட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் சீல்) போயிருக்கும், ஹெட்டை இறக்கணும்’ என்கிறார். இன்னொருவர் ‘தெர்மோஸ்டாட்டைக் கழற்றிடலாம், அப்புறம் ஹீட்டே ஆகாது’ என்கிறார். இருவருமே பானெட்டைத் திறந்து மேலாகப் பார்த்ததோடு சரி. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஈரோடு பழைய வண்டி:

முதலில் ரேடியேட்டர் மூடி. விலை குறைந்த பாகம் என்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. அதன் மேலேயே 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருக்கும். உள்ளே எத்தனை பார் அழுத்தம் பிடித்துவைக்கும் என்பதுதான் அந்த எண். சாதாரணத் தண்ணீரையே 1 பார் கூடுதல் அழுத்தத்தில் வைத்தால் 120 டிகிரி வரை கொதிக்காது, கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே போகும். மூடியின் ரப்பர் இறுகி அழுத்தம் பிடிக்கவில்லை என்றால் கதை வேறு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். பல வண்டிகளில் ஃபேன் ஓட ஆரம்பிப்பதே கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான். கீழே ஒழுங்காக ஓடும் வண்டி மலையில் மட்டும் தகராறு செய்வதற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்று, டப்பாவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எங்காவது கசிவு இருந்தால், எஞ்சின் ஆறும்போது டப்பாவிலிருந்து கூலண்டை இழுப்பதற்குப் பதில் அந்த ஓட்டை வழியாகக் காற்றை இழுத்துக்கொள்ளும். டப்பாவில் பாதி இருக்கும், ரேடியேட்டரின் கழுத்து காலியாக இருக்கும். காலையில் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது தொடவே கூடாது, துணியைப் போட்டுத் திறப்பதும் வேண்டாம்.

லாரி மாப்பிள்ளை:

ஒரு கைப்பிடி மஞ்சள்தூள் போடுங்க ப்ரோ, லீக் அடைச்சிடும். எங்க வண்டியில எத்தனையோ தடவை போட்டிருக்கோம்.

சேலம் ஸ்பேனர்:

மாப்பிள்ளை, ராத்திரி நடுக்காட்டில் லாரி நின்றால் மஞ்சள்தூள் ஊர்போய்ச் சேர உதவும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தூளுக்கு ஓட்டை எது, குழாய் எது என்று தெரியாது. கேபினுக்குச் சூடான காற்று தரும் ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களிலும் போய் அடைத்துக்கொள்ளும். கடையில் விற்கும் லீக் அடைக்கும் மருந்துக்கும் இதே பதில்தான்.

மேட்டுப்பாளையம் தம்பிக்கு: தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொன்னவர் பேச்சைக் கேட்காதீர்கள். பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரிக்குள் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடுகிற வால்வு அது. அதை எடுத்துவிட்டால் எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். உங்கள் கசிவு அப்படியே இருக்கும். ஹெட்டை இறக்கும் பேச்சும் இப்போது வேண்டாம். அதற்கு முன் இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்: ஆயில் மூடியின் உட்பக்கம் பால்காப்பி நிறத்தில் பிசுக்கு உண்டா? சைலன்சரில் சூடான பிறகும் வெள்ளைப்புகை வருகிறதா? காலையில் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்போல இறுகுகிறதா? முன்சீட்டுக்குக் கீழே, டாஷ்போர்டு பக்கம் கார்ப்பெட்டில் ஈரமோ இனிப்பு வாடையோ உண்டா? ஏசி தண்ணீர் ஈரம் என்றால் அதில் நிறமும் இருக்காது, பிசுபிசுப்பும் இருக்காது.

மேட்டுப்பாளையத்துக்காரன்:

நாலுமே இல்லை அண்ணா. ஆயில் மூடி சுத்தம். புகை இல்லை. ஹோஸ் மெதுவாகத்தான் இறுகுகிறது. கார்ப்பெட் காய்ந்திருக்கிறது. ஆனால் ஈரோட்டு அண்ணன் சொன்னது சரி: டப்பாவில் கூலண்ட் இருக்கிறது, ரேடியேட்டரின் கழுத்தில் இரண்டு விரல் அளவு காலி.

சேலம் ஸ்பேனர்:

அப்படியென்றால் ஹெட் கேஸ்கட்டும் இல்லை, ஹீட்டர் கோரும் இல்லை போலிருக்கிறது, வெளியில்தான் எங்கேயோ கசிகிறது. தரைக்கு வராமல் வழியிலேயே காய்ந்துவிடுகிறது. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு, சூடான பிளாக், எக்ஸாஸ்ட் எல்லாம் சொட்டுகளைத் தரைக்கு விடுவதில்லை.

பிரஷர் டெஸ்டர் வைத்திருக்கும் ஒர்க்ஷாப்பாகப் பாருங்கள். சைக்கிள் பம்பு மாதிரி கையால் அடிப்பது, மேலே ஒரு கேஜ் இருக்கும். மூடிக்குப் பதிலாக ரேடியேட்டரின் கழுத்தில் மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவு வரை மட்டும் அடிக்க வேண்டும். அதைத் தாண்டி அடித்தால் பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் பிளந்துகொள்ளும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே செய்யச் சொல்லுங்கள். ஓடி வந்த சூட்டில் செய்தால் ரப்பரும் உலோகமும் விரிந்து சின்னக் கசிவை மூடிக்கொள்ளும், கேஜ் அசையாது, ‘எல்லாம் சரி’ என்று அனுப்பிவிடுவார்கள். அடித்துவிட்டு அரைமணி நேரமாவது விட்டுவைக்க வேண்டும்.

டார்ச் வைத்துப் பார்க்க வேண்டிய இடங்கள்: ரேடியேட்டரில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் மடித்துச் சேரும் விளிம்பு, ஹோஸ் கிளாம்ப்புக்கு அடியில், எஞ்சினுக்கும் கேபின் சுவருக்கும் நடுவே போகும் ஹீட்டர் ஹோஸ், பிளாக்கின் பக்கவாட்டில் துளைகளை அடைத்திருக்கும் உலோகப் பிளக்குகள். முக்கியமாக வாட்டர் பம்ப். ஈரத்தைத் தேடாதீர்கள், காய்ந்த படிவைத் தேடுங்கள். கூலண்ட் ஆவியானால் அந்த இடத்தில் வெளிர்ப்பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் படிந்தது போல ஒரு பொருக்கு நிற்கும். டெஸ்டரிலும் சிக்கவில்லை என்றால் கூலண்டில் யூவி சாயம் கலந்து, சில நாள் ஓட்டி, நீல விளக்கடித்துப் பார்க்கலாம்.

மேட்டுப்பாளையத்துக்காரன்:

இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் டெஸ்ட் செய்தோம். 0.9 வரை அடித்தது. கேஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 0.6க்கு வந்தது, ஹோஸ்களில் எங்கும் ஈரமில்லை. அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் டைமிங் பெல்ட் கவரின் அடிவிளிம்பில் வெளிர்ப்பச்சைப் பொருக்கு, கீழ் போல்ட்டின் தலையைச் சுற்றி வளையம் போலக் கட்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு அங்கேயே தொங்கியது. தட்டின் அந்த மூலையில் காய்ந்த கறையும் இருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்?

சேலம் ஸ்பேனர்:

உங்கள் எஞ்சினில் வாட்டர் பம்பைச் சுற்றுவதும் வால்வுகளை ஓட்டும் அதே டைமிங் பெல்ட்தான் என்றால் பம்பின் சீல் தேய்ந்துவிட்டது. சீல் கசிந்தால் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வரட்டும் என்று பம்பின் உடம்பிலேயே ஒரு சின்னத் துளை விட்டிருப்பார்கள். அந்த வழியாக வந்து கவருக்குள் இறங்குகிறது. நீங்கள் பார்த்த மாதிரி குளிர்ந்திருக்கும்போது சொட்டி, சூடானால் நின்றுவிடும் சீல்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். கூலண்டில் நனைந்தால் பெல்ட் கெடும். பேரிங் இறுகிப் பம்ப் நின்றால் பெல்ட் பல் தாவும், இல்லையென்றால் அறுந்துவிடும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்கிற வகை எஞ்சினாக இருந்தால் செலவு எங்கேயோ போய்விடும். அதுவரை மலை ஏற வேண்டாம். முள்ளையும் முழுக்க நம்பாதீர்கள். கூலண்ட் மட்டம் சென்சாருக்குக் கீழே போய்விட்டால் எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தாலும் முள் அமைதியாக நிற்கும்.

பம்ப், டைமிங் பெல்ட், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கூலி பெரும்பாலும் கவரையும் பெல்ட்டையும் கழற்றுவதற்குத்தான், அதை இரண்டு முறை கொடுப்பானேன்? தெர்மோஸ்டாட்டையும் மூடியையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

ஈரோடு பழைய வண்டி:

பிரித்திருக்கும்போதே ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் இடையே டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சு, பூச்சி, மண் எல்லாம் அந்தச் சந்தில்தான் சேரும். ஏசியை நிறுத்தினால் முள் இறங்குகிறது என்றீர்களே, அதில் இதற்கும் பங்கு இருக்கலாம். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவச் சொல்லுங்கள். வாட்டர் வாஷ் கன் பக்கத்தில் வந்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் (ஃபின்கள்) மடங்கிவிடும்.

போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்களா?

மேட்டுப்பாளையத்துக்காரன்:

அப்பா வைத்திருந்தபோது அவசரத்துக்கு ஊற்றியிருப்பார். கீழ் ஹோஸைக் கழற்றியபோது வந்தது பச்சையே இல்லை, துருப்பிடித்த பழுப்பு.

ஈரோடு பழைய வண்டி:

அப்படியானால் வருவது தெளிவாகும் வரை வெறும் தண்ணீர் விட்டு எடுங்கள், கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில் இருக்கட்டும். கூலண்ட் டப்பாவின் லேபிளைப் படியுங்கள். அப்படியே ஊற்றும் வகையும் இருக்கிறது, தண்ணீர் கலக்க வேண்டிய வகையும் இருக்கிறது. நிறத்தை வைத்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு எல்லாம் கம்பெனி போடும் சாயம். வண்டியின் கையேட்டில் எந்த வகை போட்டிருக்கிறது என்று பாருங்கள், இரண்டு வகையைக் கலக்க வேண்டாம்.

நிரப்பும்போது வண்டியின் மூக்கு மேடான பக்கம் இருக்கட்டும். ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐட்லிங்கில் விடுங்கள். டாஷ்போர்டில் சூடான காற்று தொடர்ந்து வந்தால் உள்ளே காற்றுக் குமிழி இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். மறுநாள் காலை குளிர்ந்த பின் ஒருமுறை மட்டம் பார்த்து நிரப்புங்கள்.

மேட்டுப்பாளையத்துக்காரன்:

வேலை முடிந்தது. பழைய பம்பின் துளையிலிருந்து கீழ்நோக்கிப் பச்சைக்கோடு தெளிவாகத் தெரிந்தது, புல்லியைப் பிடித்து ஆட்டினால் லேசான ஆட்டமும் இருந்தது. பெல்ட்டின் ஓரம் ஈரத்தில் ஊறிப் பிசுபிசுத்துவிட்டது. கண்டென்சருக்குப் பின்னால் கிலோ கணக்கில் குப்பை. நேற்று ஏசி போட்டே கோத்தகிரி ஏறினேன், முள் பாதிக்குக் கீழேயே நின்றது. காலையில் ரேடியேட்டரின் கழுத்து வரை கூலண்ட் நிறைந்திருக்கிறது. இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி.

வடித்த பழைய கூலண்டை ஐந்து லிட்டர் கேனில் பிடித்து வைத்திருக்கிறேன். சாக்கடையில் ஊற்றலாமா?

சேலம் ஸ்பேனர்:

வேண்டாம் தம்பி. கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், தெருநாய் நக்கினால் செத்துவிடும். குழந்தைகளுக்கும் ஆபத்து. கேனை இறுக்கி மூடி, மேலே ‘கூலண்ட்’ என்று எழுதி எட்டாத இடத்தில் வையுங்கள். பழைய ஆயில் எடுக்கிற ஒர்க்ஷாப்பில் கேட்டுப் பாருங்கள், ஆயிலோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள்.