இட்லி ஆச்சி வீட்டுக்காரர் எப்போது தோல் கம்பெனிக்குப் போனார்?

தொண்ணூறடி எழுதியது:

மும்பை தாராவி ஆட்களிடம் பேட்டி எடுத்து ஒரு குழு போட்ட நாடகத்தைப் பற்றி இங்கே நாலு பேர் ஆகா ஓகோ என்று எழுதியிருந்தீர்கள். "ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை, அத்தனையும் மக்கள் வாய்ச்சொல்" என்று அவர்கள் நோட்டீசில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேடையில் வருகிற இட்லி ஆச்சியை எங்கள் சந்தில் எல்லாருக்கும் தெரியும். விடிவதற்கு முன்னால் கொப்பரை ஏற்றுவது, சட்னியைப் பால் கேனில் ஊற்றிக் கொடுப்பது, கேள்வி பிடிக்கவில்லை என்றால் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பது, எல்லாம் அச்சு அசல் அவர்தான். ஆனால் நாடகத்து ஆச்சி சொல்கிறார்: "எங்க வீட்டுக்காரரு தோல் கம்பெனியில சுண்ணாம்புத் தொட்டியில நின்னவரு. ராத்திரி சோறு பெசஞ்சா கையில அந்த வாடை வரும்."

ஆச்சி வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டினார். சாகும்வரை டாக்ஸிதான். தோல் கம்பெனி வாசலை மிதித்ததே கிடையாது. சுண்ணாம்புத் தொட்டிப் பேச்சு தாராவியிலேயே குயவர் குடியிருப்பான கும்பார்வாடா பக்கம் இருக்கிற வேறொரு அம்மாவுடையது. இரண்டு பேரை ஒருத்தி ஆக்கிவிட்டு, கற்பனையே இல்லையாம்.

டாக்ஸி ஓட்டின மனுஷனைத் தொட்டியில் இறக்கியது யார்? அதை மட்டும் சொல்லுங்கள்.

ஒத்திகை ராசா எழுதியது:

நண்பரே, அந்தப் பிரதியில் என் கையும் இருக்கிறது. நோட்டீசைத் திரும்பப் படியுங்கள். ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை என்று போட்டிருக்கிறோம். அந்த இரண்டு பேச்சும் எங்கள் ஒலிப்பதிவில் இருக்கின்றன, ஒரு எழுத்து மாற்றவில்லை. பாத்திரங்கள் எத்தனை என்று நோட்டீசில் எங்கேயும் சொல்லவில்லையே?

பீட்டர் வைஸ் என்று ஒருவர், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் வேலை பார்த்தவர்கள் மீது ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த வழக்கை 1965இல் நாடகமாக்கினார். வழக்கில் சாட்சி சொன்னவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள், மேடையில் ஒன்பதே பேர். பல பேருடைய சாட்சியத்தை ஒரு வாயில் வைத்தார். ஆவண நாடகம் என்று உலகமே அதைத்தான் சொல்கிறது. உங்கள் சந்தில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நாங்கள் என்ன செய்வது?

மாட்டுங்கா மாமி எழுதியது:

நானும் போய்ப் பார்த்தேன். கர்ஃப்யூ அன்றைக்கு அரைத்து வைத்த மாவு பொங்கி வழிகிற இடத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண்ணும் அழுதாள். யார் வீட்டுக்காரர் எங்கே வேலை பார்த்தால் என்ன? குற்றம் கண்டுபிடிக்கவே சில பேர் டிக்கெட் வாங்குகிறார்கள்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும், ஏசி சரியில்லை.

தொண்ணூறடி எழுதியது:

மாமி, உங்கள் வீட்டு மாமா பேங்கில் பெரிய பதவியில் இருந்தவர் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை எழுதியிருக்கிறீர்கள்? அவரை மீன் மார்க்கெட்டில் கணக்குப்பிள்ளை ஆக்கி, உங்கள் ஜாடையில் ஒருத்தியை நடிக்க விட்டால் அழுதுகொண்டே கைதட்டுவீர்களா?

ராசா சார், வைஸ் கதையை யாரிடம் சொல்கிறீர்கள்? அவருடைய ஒன்பது சாட்சிகளுக்கும் பெயர் கிடையாது. பெயர் வைத்தது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குத்தான், அதுவும் சொந்தப் பெயர். சாட்சி யார் வீட்டு ஆள் என்று யாராலும் கைகாட்ட முடியாது. நீங்கள் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, கொப்பரை, பால் கேன், மூக்கு துடைக்கிற முந்தானைவரை அப்படியே வைத்திருக்கிறீர்கள். ஆளை மறைக்கிறதென்றால் முழுசாக மறைக்கவேண்டும். முகத்தைக் காட்டினால் அந்த முகத்துக்குரிய புருஷனையும் காட்டவேண்டும்.

அவர் டாக்ஸி ஓட்டினார்.

அல்சூர்க்காரன் எழுதியது:

பெங்களூரிலிருந்து வேடிக்கை பார்க்கிறேன். முதலில் ஆவண நாடகம் என்றால் என்ன, வாய்ச்சொல் நாடகம் என்றால் என்ன என்று யாராவது பிரித்துச் சொன்னால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

சயான் சிவா எழுதியது:

அதெல்லாம் இருக்கட்டும் அண்ணே. டிக்கெட் காசில் ஆச்சிக்கு எவ்வளவு கொடுத்தார்கள்? அதைக் கேளுங்கள்.

ஒத்திகை ராசா எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். டாக்ஸி என்றால் கௌரவம், தோல் என்றால் குறைச்சலா? ஆச்சி வீட்டுக்காரர் தோல் கம்பெனியில் நின்றார் என்றதும் ஏன் இப்படிக் குறுகுறுக்கிறது? தொண்ணூறடி எந்த இடத்திலிருந்து பேசுகிறார் என்று படிப்பவர்களுக்குப் புரியும். அதற்கு மேல் நான் சொல்லவேண்டாம்.

தொண்ணூறடி எழுதியது:

வாங்க, இதற்குத்தான் காத்திருந்தேன்.

என் தாத்தா திருநெல்வேலியிலிருந்து வந்து அந்தத் தொட்டியில் நின்றவர். தோலில் மயிர் உதிர்வதற்குச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள், தெரியுமா? அதில் இறங்கி இறங்கி அவர் கால்விரல் இடுக்கெல்லாம் வெந்துபோயிருக்கும். ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு இடுக்காக விரித்துத் தேங்காய் எண்ணெய் விட்டுக்கொள்வார். பக்கத்தில் யாரையும் விடமாட்டார். எனக்கு நீங்கள் தோலைப் பற்றிப் பாடம் எடுக்கவேண்டாம்.

என் கோபம் என்னவென்று இப்போதாவது கேளுங்கள். அந்தக் கும்பார்வாடா அம்மா முதல் நாள் நாடகத்துக்கு வந்திருந்தார். தன் புருஷன் கையின் வாடையைப் பற்றித் தான் சொன்னது இட்லிக்காரி வாயில் வருகிறது. கடைசியில் எல்லாரும் இட்லி ஆச்சியைச் சூழ்ந்துகொண்டு படம் எடுக்கிறார்கள், இவர் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கிறார். தோலில் உழைத்தவரின் பெண்டாட்டியை மேடையிலிருந்து இறக்கியது நீங்கள்தான். இதில் சாதியை என் பக்கம் தள்ளுகிறீர்களா?

பழைய டேப் எழுதியது:

வாய்மொழி வரலாற்று வேலையில் காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு மணி நேரப் பேச்சை ஒழுங்காக எழுத்தில் இறக்க நாலைந்து மணி நேரம் ஆகும். இருமல், இழுவை, பாதியில் விட்ட வாக்கியம், குறுக்கே கத்தின குக்கர் எல்லாம் எழுத்தில் வரவேண்டும். பிறகு பிரதியின் ஓரத்தில் எந்த வரி எந்த டேப், எத்தனையாவது நிமிடம் என்று குறித்து வைப்போம். வெட்டலாம், முன்பின் மாற்றலாம். ஆள் மாறுகிற இடத்தில் மட்டும் கோடு அழியக்கூடாது.

அமெரிக்காவில் அன்னா டெவர் ஸ்மித் என்ற நடிகை நியூயார்க்கின் கிரௌன் ஹைட்ஸ் பகுதியில் நடந்த கலவரத்தைப் பற்றி 1992இல் தனி ஆளாக ஒரு நாடகம் நடத்தினார். பேட்டி கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். ஒருவர் பேச்சில் இன்னொருவர் பேச்சு கலக்காது. திக்கினவர் திக்கின இடத்தில்தான் மேடையிலும் திக்குவார். வைஸ் ஒரு வழி என்றால் இது இன்னொரு வழி.

இன்னொன்று. மாமி அழுத கர்ஃப்யூ காட்சியில் மும்பைக் கலவரம் நடந்த 1992 டிசம்பரும் 1993 ஜனவரியும் ஒரே ராத்திரி மாதிரி வருகின்றன. நடந்தது இரண்டு தடவை. அந்தக் கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் அறிக்கையே இரண்டையும் பிரித்துத்தான் பேசுகிறது. ஆச்சி அப்படி நினைவு வைத்திருந்தால் அவர் வாயில் திருத்தக்கூடாது. ஆனால் பக்கத்திலேயே அறிக்கையிலிருந்து ஒரு தேதி வந்திருக்கவேண்டும். நாடகத்தில் அந்த அறிக்கை எங்கேயுமே வரவில்லை. இதைப் பற்றி யாரும் பேசமாட்டேன் என்கிறீர்கள்.

தொண்ணூறடி எழுதியது:

டேப் சார் சொன்னதில் "ஆள் மாறுகிற இடத்தில் கோடு அழியக்கூடாது" என்பதை ராசா நாலு தடவை எழுதிப் பார்க்கட்டும்.

கர்ஃப்யூவுக்கு அப்புறம் வருவோம். முதலில் டாக்ஸி.

மாட்டுங்கா மாமி எழுதியது:

எங்கள் மாமாவை மீன் மார்க்கெட்டுக்கு இழுத்தவர் மன்னிப்புக் கேட்கும்வரை நான் இங்கே எழுதுவதாக இல்லை.

டாக்ஸி டாக்ஸி என்கிறாரே, என்ன டாக்ஸி? அம்பாசிடரா?

சயான் சிவா எழுதியது:

பம்பாயில் எங்கே மாமி அம்பாசிடர் டாக்ஸி? காலி பீலி, அதாவது கறுப்பு மஞ்சள் டாக்ஸி என்றாலே ஃபியட்தான், பிரீமியர் பத்மினி. 2023 அக்டோபரோடு அதுவும் ரோட்டை விட்டுப் போய்விட்டது. எங்க மாமா ஓட்டினதுதான், கியர் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும். ஒரு பத்மினியை மேடையில் நிறுத்தியிருந்தால் நாடகம் பிய்த்துக்கொண்டு போயிருக்கும்.

டிக்கெட் காசுக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஒத்திகை ராசா எழுதியது:

பேட்டிக்குக் காசு கொடுத்தால் விலைக்கு வாங்கிய வாக்குமூலம் என்பீர்கள், கொடுக்காவிட்டால் சுரண்டல் என்பீர்கள். சிவா தம்பி, நீங்கள் ஓசி பாஸில் வந்தவர் என்று ஞாபகம்.

தொண்ணூறடிக்குக் கடைசியாக ஒரு விளக்கம். இரண்டு பேரைச் சேர்த்தது சோம்பேறித்தனத்தால் அல்ல. தாராவியில் மறுகட்டமைப்புக்கு வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்னால் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு ஒரு சட்டம், பின்னால் வந்தவர்களுக்கும் மேல்மாடியில் இருப்பவர்களுக்கும் வேறு சட்டம். பேட்டியில் ஒருவர் மேல்மாடி வாடகை விஷயத்தைச் சொல்லிவிட்டு, இது வெளியே தெரியக்கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். அதனால்தான் ஆள் அடையாளம் தெரியாமல் கலந்தோம். வீடு போனால் நீங்கள் வாங்கிக் கொடுப்பீர்களா?

பழைய டேப் எழுதியது:

வெளியே தெரியக்கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டதை ஊர் பார்க்கிற இடத்தில் நீங்களே எழுதிவிட்டீர்கள். சந்தேகப்பட வேண்டியவர்கள் இரண்டே பேர். அந்தப் பதிவை உடனே எடுங்கள் ஐயா.

தொண்ணூறடி எழுதியது:

டேப் சார் சொன்னதைச் செய்யுங்கள் ராசா, அதில் நமக்குள் சண்டை வேண்டாம்.

ஆனால் ஒரு கேள்வி. மறைக்கவேண்டியது வீட்டை. நீங்கள் மாற்றியது புருஷனை. வீட்டைப் பற்றிய பேச்சையே எடுத்திருக்கலாம், வேறு சந்து ஆக்கியிருக்கலாம், இட்லியை ஆப்பம் ஆக்கியிருக்கலாம். கூட்டத்தைச் சிரிக்க வைக்கிற சாமான் எதையும் விட மனசு வரவில்லை, பாவப்பட்ட டாக்ஸிக்காரரைத்தான் தூக்கிப்போட்டீர்கள். காரணம் நான் சொல்கிறேன். தொட்டி, வாடை, சோறு என்றால் கைதட்டு விழும். டாக்ஸிக்கு விழாது.

பரேல் பக்கத்து மில் தொழிலாளர்களைப் பற்றி ராமு ராமநாதன் எழுதிய 'காட்டன் 56, பாலியஸ்டர் 84' இதே ஊரில்தான் நடந்தது. அதில் வருகிற இரண்டு கிழவர்களும் கற்பனைப் பாத்திரங்கள். பின்னால் 1982 வேலைநிறுத்தம் முழுக்க நிற்கிறது. அவர்கள் வாயில் எதை வைத்தாலும் யாருக்கும் துரோகம் இல்லை. நீங்களும் கற்பனை என்று ஒரு வரி போட்டுவிட்டு எழுதியிருந்தால் நானே பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

அல்சூர்க்காரன் எழுதியது:

தெருக்கூத்தில் கட்டியங்காரன் எதற்கு இருக்கிறான்? நடுவில் வந்து, "மக்களே, இது அந்தம்மா சொன்னது, இது இந்தம்மா சொன்னது, நாங்கள்தான் ஒட்டினோம்" என்று சொல்லிவிட்டுப் போனால் முடிந்தது. அமெரிக்காவில் லாரமி என்ற ஊரில் நடந்த கொலையைப் பற்றி ஊர்க்காரர்களிடம் பேட்டி எடுத்துப் போட்ட நாடகத்தில், பேட்டி எடுத்தவர்களே பாத்திரங்களாக மேடையில் நிற்பார்கள், கேட்டதும் தயங்கினதும் தெரியும். உங்கள் குழுவோ நாடகத்தில் எங்கேயுமே இல்லை. ஆச்சி சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஒத்திகை ராசா எழுதியது:

பதிவைத் திருத்திவிட்டேன். மும்பைக்கு வராமலே பெங்களூரிலிருந்து நாடகம் பார்க்கிற வித்தையை அல்சூர்க்காரர் எங்களுக்கும் சொல்லித்தரவேண்டும்.

கட்டியங்காரன் யோசனை ஒத்திகையில் எங்களுக்கும் வந்தது. நாடகம் ஓட்டை விழுந்து நிற்கிறது என்று எடுத்துவிட்டோம். எதை எடுப்பது எதை வைப்பது என்று தீர்மானிக்க ஒருவர் வேண்டும், அவர்தான் ஆசிரியர். மணிக்கணக்கான ஒலிப்பதிவை அப்படியே போட்டால் தொண்ணூறடி இரண்டாம் நாளும் உட்கார்ந்து பார்ப்பாரா?

தொண்ணூறடி எழுதியது:

பார்ப்பேன். டாக்ஸி வருகிறவரைக்கும் உட்கார்ந்திருப்பேன்.

சயான் சிவா எழுதியது:

ராசா சார், ஓசி பாஸ் கொடுத்தது உங்கள் குழுதான், சீட்டு காலியாக இருக்கிறது என்று நீங்களே போன் பண்ணினீர்கள். எங்க மாமாவும் நானும் வந்து கூட்டம் காட்டினோம். அதைச் சொல்லிக்காட்டுகிற ஆளிடம் ஆச்சி காசு கேட்டு என்ன பிரயோஜனம்.

பழைய டேப் எழுதியது:

ஒன்று கேட்கிறேன். மகாராஷ்டிராவில் மேடை ஏற்றுவதற்கு முன்னால் பிரதியை அரசு வாரியத்திடம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கவேண்டும். அங்கே கொடுத்த பிரதியில் இட்லி ஆச்சி ஒருவரா, இரண்டு பேரா?

ஒத்திகை ராசா எழுதியது:

இது என்ன சம்பந்தமில்லாத கேள்வி.

மாட்டுங்கா மாமி எழுதியது:

எழுதுவதாக இல்லை என்றுதான் இருந்தேன். ஆனாலும் கேட்கிறேன், இடைவேளை காபி நாற்பது ரூபாய் என்று எந்த வாரியம் சான்றிதழ் கொடுத்தது?

தொண்ணூறடி எழுதியது:

மாமி, காபியை விடுங்கள். சம்பந்தமில்லாத கேள்வி என்றால் பதில் சொல்வதில் என்ன கஷ்டம் ராசா சார்? முதலில் இரண்டு பேராக எழுதிவிட்டு, ஒரு நடிகை குறைந்ததால் ஒருத்தியாக ஆக்கினீர்கள் என்று உங்கள் குழுவிலேயே ஒரு பையன் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தான். வைஸ், மறுகட்டமைப்பு, அடையாளம் மறைத்தல் எல்லாம் அப்புறம் கண்டுபிடித்ததா?

ஒத்திகை ராசா எழுதியது:

எந்தப் பையன்?