காந்தத் திரவம்: எக்ஸ்ஆர்டி 10 சொல்கிறது, டிஎல்எஸ் 90 சொல்கிறது. எதை எழுதுவது?

அறிவியல்நகர் மாணவி:
வணக்கம். கடைசி வருட ஆய்வுக்கு மக்னற்றைற்று (காந்தத் தன்மையுள்ள இரும்பு ஒட்சைட்டு) மணிகள் மிதக்கும் காந்தத் திரவம் செய்கிறேன். பெரிக், பெரசு இரும்பு அயன்கள் 2:1, அமோனியா விட்டு வீழ்படிவாக்கி, ஒலெயிக் அமிலம் பூசி, கிளிநொச்சி பெற்றோல் செட்டில் வாங்கிய மண்ணெண்ணெயில் கலக்கியது. காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் முள்ளு முள்ளாக எழும்புகிறது. எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பளிங்கைப் பார்க்கும் முறை) கோட்டின் அகலத்தை வைத்துப் பார்த்தால் மணியின் விட்டம் 10 நனோமீற்றர். வெளியூர் ஆய்வுகூடமொன்றில் டிஎல்எஸ் (லேசர் ஒளி சிதறுவதை வைத்து அளவைக் கணிக்கும் முறை) எடுத்தால் 90. காந்தம் வைத்துவிட்டு எடுத்தால் இன்னும் கூடுகிறது. மணிகள் சங்கிலியாகக் கோர்க்கின்றன என்று எழுதலாமா?

மாங்குளத்தான்:
தங்கச்சி, சங்கிலிக்குப் போக முதல் ஒன்று கேட்கிறேன். மெஷினில் கரைப்பானுக்கு என்ன போட்டிருந்தார்கள்?

அறிவியல்நகர் மாணவி:
அறிக்கையில் 'தண்ணீர், 25 பாகை' என்று கிடக்கிறது அண்ணா.

மாங்குளத்தான்:
பிடிபட்டுவிட்டது, ஆனால் பாதிதான். டிஎல்எஸ் அளவை நேரே பார்ப்பதில்லை. மணி எவ்வளவு வேகமாக அலைகிறது என்று பார்த்து, பாகுத்தன்மையை வைத்து அளவைக் கணிக்கிறது. 25 பாகையில் தண்ணீருக்கு 0.89 மில்லிபாஸ்கல் செக்கன். மண்ணெண்ணெய்க்கு 1.5க்குக் கிட்ட, அதுவும் சரக்குக்குச் சரக்கு மாறும். மெதுவாக அலைவதைக் கண்டு மணி பெரிதென்று சொல்லிவிட்டது. முறிவுச் சுட்டியும் (ஒளி எவ்வளவு வளைகிறது என்ற எண்) பிழை (1.33 இல்லை, 1.44 அளவில்), அது கொஞ்சம் எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டையும் திருத்தினால் 90 என்பது 60 அளவுக்கு இறங்கும்.

மிச்சத்துக்குக் காரணம் கட்டிகள். சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். 90 நனோமீற்றர்க் கட்டி ஒன்று, 10 நனோமீற்றர் மணிகள் 5 லட்சத்துக்கு மேல் சேர்ந்து தரும் ஒளியைத் தனியே தந்துவிடும். சந்தைக்குள் ஒலிபெருக்கி பிடித்தவன் மாதிரி, மற்றவர் குரல் எடுபடாது. போத்தலைச் சரித்துப் பாருங்கள், அடியில் கறுப்பு மண்டி ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? மையவிலக்கியில் சுற்றி மேலே நிற்பதை மட்டும் எடுங்கள். தேத்தண்ணி நிறத்துக்கு வரும்வரை ஐதாக்குங்கள், கறுப்பாய் விட்டால் லேசர் உறிஞ்சப்பட்டுச் சூடேறி, ஓட்டம் கிளம்பிக் கணக்கைக் குழப்பும். ஐதாக்கும் கரைப்பானில் ஒலெயிக் அமிலம் துளி விடாவிட்டால் பூச்சு கழன்றுவிடும்.

அதைவிட, மண்ணெண்ணெயை விட்டுவிட்டுத் தொலுயீனுக்கு மாறுங்கள். பாகுத்தன்மை 0.56, முறிவுச் சுட்டி 1.49, எல்லாரும் அறிந்த எண்கள்.

புதுக்குடியிருப்பு அக்கா:
மாங்குளத்தான் சொன்னது சரி, ஆனால் எல்லாம் திருத்தினாலும் 10 வராது. பூச்சு பக்கத்துக்கு 2 நனோமீற்றர் அளவில் இருக்கும், எக்ஸ்ஆர்டிக்கு அது தெரியாது. 14க்குக் கிட்ட வந்தால் நல்ல திரவம்.

சங்கிலி பற்றி: காந்தப்புலம் இல்லாமலே மணிகள் கோர்க்கலாம் என்று டி ஜென், பிங்கஸ் என்ற பௌதிகவியலாளர் இருவரும் 1970இலேயே காட்டினார்கள். ஆனால் 10 நனோமீற்றர் மக்னற்றைற்று மணிக்கு, பூச்சையும் சேர்த்து 14 நனோமீற்றர் இடைவெளியில் அந்த இழுவை அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலை மிஞ்சாது. கோர்த்தாலும் உடனே கழன்றுவிடும். நீங்கள் கண்டது கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டுவதாகத்தான் இருக்கவேண்டும்.

உண்மையாகவே கட்டமைப்புப் பார்ப்பதென்றால் சிறுகோணச் சிதறல் (கதிர் மிகச் சிறிய கோணங்களில் சிதறுவதைப் பார்க்கும் முறை) வேண்டும். எக்ஸ் கதிர் இலத்திரன்களைப் பார்ப்பது, ஆகவே மணியின் நடுவில் உள்ள இரும்பு நிறைந்த கரு பளிச்சென்று தெரியும், பூச்சும் எண்ணெயும் ஒன்றாய்க் கலந்துபோகும். நியூத்திரன் அப்படியில்லை. ஐதரசனின் சிதறல் நீளம் (நியூத்திரனை எவ்வளவு சிதறடிக்கும் என்ற அளவு) −3.74 பெம்ரோமீற்றர், பார ஐதரசனான தியூத்தேரியத்துக்கு +6.67. கரைப்பானைத் தியூத்தேரியம் ஏற்றியதாக எடுத்தால் பூச்சு தனியே எழும்பி நிற்கும். நியூத்திரனுக்குக் காந்தத் திருப்புதிறனும் உண்டு, கருவுக்குள் எவ்வளவு காந்தமாகியிருக்கிறது என்பதையும் சொல்லும். புலம் போட்டுச் சங்கிலி உண்டானால், வட்டமாய் இருந்த சிதறல் படம் புலத்துக்குச் செங்குத்தாக நீளும். தியூத்தேரியம் ஏற்றிய தொலுயீன் விலைக்கு உண்டு, மண்ணெண்ணெய்க்கு எங்கே போவீர்கள்?

அறிவியல்நகர் மாணவி:
அக்கா, நியூத்திரனுக்கு இங்கே வழி?

புதுக்குடியிருப்பு அக்கா:
இலங்கையில் ஆராய்ச்சி உலை இல்லை. கிட்ட உள்ளது மும்பை துரும்பாயின் துருவா உலை, தூரம் என்றால் பிரான்சில் கிரெனோபிள். கடைசி வருடத்துக்கு அதெல்லாம் தேவையில்லை. எக்ஸ் கதிர்ச் சிறுகோணச் சிதறல் கருவி கொழும்புப் பக்கம் யாரிடமாவது இருக்கிறதா என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். அதுவரை அந்த 90ஐ அறிக்கையில் எழுத வேண்டாம்.

அறிவியல்நகர் மாணவி:
சரி. தொலுயீன் எடுக்க விண்ணப்பம் கொடுத்தாயிற்று. மண்டி இருக்கிறது அண்ணா, விரல் அகலத்துக்கு.